ஹெச்.டி. வீடியோ ஏன் திக்குகிறது? கிராஃபிக்ஸ் கார்டு எதைச் செய்யும், எதைச் செய்யாது

கணினியில் ஹெச்.டி. வீடியோ திக்கித் திக்கி ஓடினால், "நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்பதுதான் தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் நம் வீடுகளில் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை. அதில் பாதி உண்மை. கார்டுக்குள் வீடியோவுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது என்பதும், அது வேலையை எடுத்துக்கொண்டால் புராசசரின் சுமை பெருமளவு இறங்கிவிடும் என்பதும் சரி. ஆனால் கார்டின் விலை ஏற ஏற வீடியோவின் ஓட்டமும் சீராகும் என்று நினைப்பது தவறு. உங்கள் கோப்பு எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறதோ அந்த முறை கார்டுக்குத் தெரியுமா, தெரிந்தாலும் வீடியோவை ஓட்டும் மென்பொருள் கார்டிடம் வேலையை ஒப்படைக்கிறதா, ஒப்படைத்த பிறகு வரும் படங்களின் வேகமும் திரையின் வேகமும் ஒத்துப்போகின்றனவா என்பவைதாம் ஓட்டத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் எதற்கும் விலைச்சீட்டோடு நேரடித் தொடர்பு இல்லை.

முதலில் வேலையின் அளவைப் பார்ப்போம். முழு ஹெச்.டி. படம் ஒன்றில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 என மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒளியின் அளவைப் புள்ளிக்குப் புள்ளி தனியாகவும், நிறத்தை நான்கு புள்ளிகளுக்குப் பொதுவாகவும் குறித்துவைப்பது வழக்கம். ஒளி வேறுபாட்டை உணரும் அளவுக்குக் கண் நிற வேறுபாட்டை உணர்வதில்லை என்பதால் இந்தச் சிக்கனம் வெளியே தெரியாது. அப்படிச் சிக்கனம் பிடித்தும் ஒரு படத்துக்குச் சுமார் 31 லட்சம் பைட் ஆகிறது. நொடிக்கு 25 படம் என்று கணக்கிட்டால் 620 மெகாபிட்டுக்கு மேல் போகிறது. இதை அப்படியே பதிவு செய்தால் ஒரு மணி நேரக் கல்யாண வீடியோ 280 கிகாபைட்டை விழுங்கிவிடும். ஆகையால் கேமரா அதைச் சுருக்கி, நொடிக்கு 24 மெகாபிட் அல்லது அதற்கும் குறைவாக எழுதுகிறது. இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கியதை மறுபடி விரிப்பதுதான் கணினியின் வேலை.

2003இல் வெளியான எச்.264 என்ற சுருக்க முறைதான் இன்றும் மிகப் பரவலாகப் புழங்குவது. அதில் படம் 16க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. 1080 என்பது 16ஆல் மீதியின்றி வகுபடாததால், உள்ளுக்குள் 1088 வரிகளாக வைத்துக்கொண்டு, மிகுந்த எட்டு வரிகளைக் காட்டும்போது வெட்டிவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு படத்துக்கு 8,160 கட்டங்கள். பெரும்பாலான படங்களில், ஒவ்வொரு கட்டமும் முன்னால் வந்த படத்திலோ பின்னால் வரவிருக்கும் படத்திலோ எங்கிருந்து நகர்ந்து வந்தது என்ற குறிப்பும், அப்படி நகர்த்தியும் பொருந்தாமல் போன சிறு வேறுபாடும் மட்டுமே கோப்பில் எழுதப்பட்டிருக்கும். விரிக்கும்போது அந்தக் குறிப்பைப் படித்து, பழைய படத்திலிருந்து கட்டத்தை எடுத்து, வேறுபாட்டைக் கூட்டி, கட்டங்களின் ஓரங்களில் தெரியும் விளிம்பை மழுப்ப வேண்டும். நொடிக்கு 25 படம் என்றால் இத்தனையும் 40 மில்லிநொடிக்குள் முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் ஒலி முன்னே போய்விடும். காலம் கடந்து வந்த படத்தைக் காட்டுவதில் பயன் இல்லை என்பதால் மென்பொருள் அதைக் கைவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறது. அந்தத் தாவலைத்தான் நாம் திக்கல் என்கிறோம்.

இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றைப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் முடியாது. கோப்பிலிருக்கும் பிட்டுகளைப் படித்துக் குறிப்புகளாக மாற்றும் முதல் கட்டத்தில், ஒவ்வொரு பிட்டின் பொருளும் அதற்கு முன் படித்தவற்றைப் பொறுத்தே அமைகிறது. மாலை கட்டுவதைப் போன்றது அது: முந்தின பூவை முடிச்சுப் போடாமல் அடுத்ததை வைக்க முடியாது, கோயிலில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும் ஒரு சரத்தை ஒருவர்தான் தொடுக்க முடியும். விளையாட்டுகளுக்காக ஆயிரக்கணக்கான சிறு கணக்கு அலகுகளைக் கொண்ட கிராஃபிக்ஸ் சில்லு இந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் சில்லு செய்பவர்கள் அந்த அலகுகளை நம்பாமல், இந்த ஒரு வேலைக்கென்றே வடிவமைத்த தனிச் சுற்று ஒன்றைச் சில்லின் ஓரத்தில் வைக்கிறார்கள். என்விடியாவில் அது தொடக்கத்தில் பியூர்வீடியோ என்றும் இப்போது என்வி டெக் என்றும், ஏ.எம்.டி.யில் யு.வி.டி. என்றும் பின்னர் வி.சி.என். என்றும், இன்டெல் புராசசர்களோடு வரும் கிராஃபிக்ஸில் குவிக் சிங்க் என்றும் பெயர் பெற்றது. பெயர் எதுவானாலும் ஒரு குணம் பொது: தனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சுருக்க முறைகளைச் சில வாட் மின்சாரத்தில் சரளமாக விரிக்கும், சொல்லிக்கொடுக்கப்படாத முறையை அறவே தொடாது. பின்னாளில் புதிய டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) போட்டாலும் அந்தச் சுற்று புதிய முறையைக் கற்றுக்கொள்வதில்லை.

விலையும் வீடியோத் திறனும் எவ்வளவு விலகிப் போகக்கூடும் என்பதற்கு 2006, 2007ஆம் ஆண்டுகளைவிடச் சிறந்த சான்று கிடையாது. 2006 நவம்பரில் என்விடியா வெளியிட்ட ஜிஃபோர்ஸ் 8800 ஜி.டி.எக்ஸ். அன்றைய உச்சக் கார்டு. சில மாதம் கழித்து, 2007 ஏப்ரலில் வந்த 8600 ஜி.டி. அதன் விலையில் சிறு பங்குக்குக் கிடைத்தது. ஆனால் எச்.264 கோப்பை முதல் பிட்டிலிருந்து கடைசிவரை தானே விரிக்கும் புதிய சுற்று இருந்தது 8600இல்தான்; 8800 ஜி.டி.எக்ஸில் பழைய தலைமுறைச் சுற்றே இருந்ததால், மேலே சொன்ன கடினமான முதல் கட்டத்தை அது புராசசரிடமே விட்டுவிட்டது. அதே ஆண்டில் அன்று ஏ.டி.ஐ.யை வாங்கியிருந்த ஏ.எம்.டி.யும் இதையே செய்தது: ரேடியான் எச்.டி. 2900 எக்ஸ்.டி.யில் யு.வி.டி. இல்லை, அதற்குக் கீழேயிருந்த 2600லும் 2400லும் இருந்தது. பெரிய கார்டு வாங்குபவரிடம் பெரிய புராசசரும் இருக்கும் என்ற கணக்கு இதற்குப் பின்னால் இருந்திருக்கலாம். எப்படியோ, காசு கூடக் கொடுத்தவருக்கு வீடியோவில் குறைவாகவே கிடைத்தது.

இது ஒருமுறை நடந்த விபத்தும் அல்ல. 2014இல் வந்த ஜி.டி.எக்ஸ். 980, எச்.264க்கு அடுத்து வந்த எச்.இ.வி.சி. முறையை அரைகுறையாகவே கையாண்டது. 2015 தொடக்கத்தில் வந்த, அதைவிட மலிவான 960 அதை, ஒரு புள்ளியின் ஒளியையும் நிறத்தையும் 10 பிட்டில் நுட்பமாகக் குறிக்கும் வகை வரை முழுமையாக விரித்தது. 2022 ஜனவரியில் வெளியான ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.யில், அதே வரிசையின் மூத்த கார்டுகளிலிருந்த, ஏ.வி.1 என்ற இன்னும் புதிய முறையை விரிக்கும் திறன் வெட்டப்பட்டிருந்தது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணையும் நினைவகத்தின் அளவையும் பார்த்து வாங்குபவருக்கு இதெல்லாம் தெரிய வழியே இல்லை. வீடியோவுக்காகக் கார்டு வாங்குபவர் நினைவகத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, எந்தெந்தக் கோடெக் (சுருக்க முறை), எத்தனை பிட் என்று கேட்பது நல்லது.

இனி நம் வீடுகளில் கிடக்கும் வீடியோக்களுக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சிச் சேவை 1976 ஜனவரி 5 அன்றுதான் முறையாகத் தொடங்கியது. தேர்ந்தெடுத்தது பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை. நொடிக்கு 25 படம், அதையும் பாதிப் பாதியாக்கி 50 அரைப்படம் என்பது அந்த முறையின் அளவு. முதல் பாதியில் ஒற்றைப்படை வரிகள், அடுத்த பாதியில் இரட்டைப்படை வரிகள். ஹெச்.டி. வந்த பிறகும் இந்த 50 போகவில்லை. 2006இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த ஏ.வி.சி.ஹெச்.டி. வகைக் கேமராக்கள் இங்கே விற்கப்பட்டபோது, அவை 1080 வரி, 50 அரைப்படம் என்ற அளவிலேயே பதிவு செய்தன. தைப்பூசக் காவடி, சித்திரைக் காவடி, புனித வெள்ளியையொட்டி இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூடும் கூட்டம், மண்டபத்தில் நடந்த கல்யாணம் என்று பத்துப் பதினைந்து ஆண்டுகளாக எடுத்தவையெல்லாம் எம்.டி.எஸ். என்ற பின்னொட்டோடு வட்டுகளில் கிடக்கின்றன. இவை எச்.264 கோப்புகள்தாம் என்றாலும், இணையத்தில் பார்க்கும் எச்.264 வீடியோவைவிடக் கணினிக்குக் கூடுதல் வேலை கொடுப்பவை.

காரணம் அந்த அரைப்படங்கள். இரண்டு அரைப்படங்களுக்கும் இடையே ஐம்பதில் ஒரு நொடி இடைவெளி இருக்கிறது. அசையாத கோபுரத்தைப் படம் பிடித்திருந்தால் இரண்டையும் கோத்து ஒரே படமாகக் காட்டலாம், பிசிறு தெரியாது. காவடி எடுத்தவர் உடலைச் சுழற்றி ஆடும்போது அந்த ஐம்பதில் ஒரு நொடிக்குள் வளைவின் முனை பல புள்ளி தூரம் நகர்ந்துவிடுகிறது. அப்படியே கோத்தால் மயிற்பீலியின் ஓரமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரியும். தேரின் வடத்தைப் பிடித்து இழுப்பவர்களின் கைகளிலும் இதைக் காணலாம். பழைய குழாய்த் தொலைக்காட்சி அரைப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே வரைந்ததால் இந்தச் சிக்கல் அதற்குத் தெரியாது. இன்றைய திரைகள் முழுப்படத்தையே காட்டுபவை என்பதால், ஒவ்வொரு அரைப்படத்திலும் இல்லாத வரிகளை யாராவது நிரப்பித் தர வேண்டும்.

நிரப்புவதில் பல தரம் உண்டு. இரண்டு அரைப்படங்களில் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்றதை இழுத்து நிரப்பினால் பிசிறு போகும், ஆனால் அசைவு 50இலிருந்து 25ஆகக் குறைந்து ஆட்டம் மொண்ணையாகத் தெரியும். படத்தில் எது அசைகிறது, எது அசையவில்லை என்று புள்ளிவாரியாகப் பார்த்து, அசையாத இடத்தில் கோத்தும் அசையும் இடத்தில் ஊகித்து நிரப்பியும் நொடிக்கு 50 முழுப்படம் ஆக்கினால், நேரில் பார்த்த வழுக்கலான அசைவு அப்படியே வரும். இதைப் புராசசரை வைத்துச் செய்தால், விரிப்பதற்கு ஆகும் உழைப்புக்கு ஈடாக இன்னொரு பங்கு உழைப்பு ஆகிவிடும். கிராஃபிக்ஸ் சில்லுக்கு இது எளிது. ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகக் கணக்கிடலாம் என்பதால் அதன் ஆயிரம் கைகளும் இங்கே பயன்படுகின்றன. ஹெச்.டி. வீடியோவில் கார்டின் உதவி கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் இடம் எது என்று கேட்டால், நம் ஊர்ப் பதிவுகளைப் பொறுத்தவரை இதைத்தான் முதலில் சொல்வேன்.

கோயில் குழு ஒன்றின் கூடத்தில் பழைய காவடிப் பதிவுகளைப் பெரிய திரையில் ஓட்ட ஏற்பாடு செய்தபோது, பொருளாளராக இருந்த பெரியவர், "தம்பி, படம் குதிக்குது. கார்டு ஒண்ணு வாங்கச் சொல்லிக் கமிட்டியில வைக்கட்டுமா?" என்று கேட்டார். "பொறுங்க மாமா, முதல்ல எங்க நோகுதுன்னு பார்க்கலாம்" என்றேன். கணினி 2014 வாக்கில் வந்த இரண்டு கோர் பென்டியம், அலுவலகம் ஒன்று கழித்துவிட்டது. விண்டோஸ் 10இன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு படத்தை ஓட்டினோம். புராசசரின் கோடு முக்கால் உயரத்துக்கு மேல் நின்றது, ஜி.பி.யு. (கிராஃபிக்ஸ் சில்லு) பக்கத்தில் வீடியோ டிகோட் என்றிருக்கும் கட்டத்தில் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. விரிக்கும் சுற்று அந்தப் பென்டியத்துக்குள்ளேயே இருந்தது, ஆனால் அதனிடம் யாரும் வேலை கேட்கவில்லை. வீடியோவை ஓட்டிய வி.எல்.சி. மென்பொருளின் அமைப்பில், வன்பொருள் வழியே விரிக்கும் வசதியை என்றோ ஒருநாள் பச்சைத் திரை வந்ததென்று யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். இன்டெல் டிரைவரைப் புதுப்பித்து அதைத் திரும்ப இயக்கியதும் இரண்டு கோடுகளும் இடம் மாறின. கார்டுக்கான தீர்மானம் கமிட்டிக்குப் போகவே இல்லை.

அந்த வீடியோ டிகோட் கட்டம் எல்லாக் கணினியிலும் தெரியாது என்பதைச் சொல்ல வேண்டும். டாஸ்க் மேனேஜரில் ஜி.பி.யு. பக்கம் 2017இன் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. அதிலும் மிகப் பழைய டிரைவர்களோடு அது தோன்றாது. எம்.பி.வி. என்ற மென்பொருளில் வீடியோ ஓடும்போது ஐ (i) விசையை அழுத்தினால், எந்த முறையில் விரிக்கிறது, எத்தனை படத்தைக் கைவிட்டது என்பதெல்லாம் திரையிலேயே வரும். அது இயல்பாகவே வன்பொருளை நாடாது, நாம்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. புதிதாகக் கார்டு வாங்கிப் பொருத்தியவர்கள் செய்யும் தவறு ஒன்று இதைவிட எளியது: திரையின் கம்பி இன்னும் மதர்போர்டின் பழைய பொருத்துவாயிலேயே இருக்கும். கார்டு உள்ளே மின்சாரம் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

விரித்த படத்தை எங்கே வைக்கிறார்கள் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கார்டின் நினைவகத்தில் விரிந்த படம் அங்கிருந்து நேராகத் திரைக்குப் போனால் செலவு குறைவு. சில மென்பொருள்கள் சப்டைட்டிலை ஒட்டவோ வேறு வடிகட்டிகளைப் போடவோ அதைக் கணினியின் பொது நினைவகத்துக்கு இழுத்து, திரும்பக் கார்டுக்கு அனுப்பும். 50 முழுப்படம் என்றால் ஒரு நொடிக்கு ஒரு திசைக்கு மட்டும் 155 மெகாபைட் போகிறது. புதிய கணினிக்கு இது பொருட்டில்லை. பழைய கணினியில், கார்டு வேலை செய்தும் படம் திக்குகிறதே என்று வியப்பவர்கள் இந்தப் போக்குவரத்தைச் சந்தேகிக்கலாம்.

மேலே சொன்ன கூடத்தில் புராசசரின் சுமை இறங்கிய பிறகும் ஒரு மெல்லிய வெட்டு தொடர்ந்து தெரிந்தது. இதைக் கார்டின் மேல் போடுவது அநியாயம். கணினித் திரைகள் பெரும்பாலும் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. நொடிக்கு 50 படத்தை 60 முறைக்குள் பங்கிட்டால் ஒவ்வோர் ஐந்தாவது படமும் இருமுறை காட்டப்படும். நொடிக்குப் பத்து சிறு தடுக்கல். கேமரா கூட்டத்தின் மேல் மெதுவாகத் திரும்பும் காட்சியிலோ, திரையின் அடியில் பெயர்கள் ஓடும்போதோ இது நன்றாகத் தெரியும். எவ்வளவு விலையுயர்ந்த கார்டை வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. திரையின் அமைப்பில் 60ஐ 50 ஹெர்ட்ஸ் ஆக்கினால் ஒரு படத்துக்கு ஒரு புதுப்பிப்பு என்று நேராகிவிடும். இங்கே விற்கும் தொலைக்காட்சிகள் 50ஐ ஏற்கின்றன. கணினித் திரைகளிலும் பல ஏற்கும். கூடத்துத் தொலைக்காட்சியை 50க்கு மாற்றியதும் அந்த வெட்டும் போயிற்று.

தமிழ்ப் படங்களுக்கு இந்தக் கணக்கு வேறு. திரைப்படம் நொடிக்கு 24 படம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்தை இருமுறையும் அடுத்ததை மும்முறையும் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். அந்த லேசான நடுக்கம் பலருக்குப் பழகிவிட்டது. 50 ஹெர்ட்ஸில் இருபத்திரண்டு படத்தை இருமுறையும் இரண்டை மும்முறையும் காட்ட நேர்வதால் நொடிக்கு இருமுறை துள்ளும். இது இன்னும் மோசம். பால் நாடுகளின் தொலைக்காட்சி நிலையங்களும் டிவிடிகளும் இதைத் தவிர்க்கப் படத்தையே 25க்கு வேகப்படுத்தின. அப்படி ஓட்டும்போது இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் சற்றே உயர்ந்து கேட்கும். எனவே காவடிப் பதிவுக்கு 50ஐயும், சினிமாவுக்குத் திரை இடம் கொடுத்தால் 24ஐயும் தேர்ந்தெடுப்பதே முறை. சில மென்பொருள்கள் கோப்பைப் பார்த்துத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். இன்டெல்லின் பழைய கிராஃபிக்ஸ் ஒன்று இதிலும் சோதித்தது: ப்ளூ-ரே டிஸ்க்குகளில் பெரும்பாலும் இருப்பது 23.976 என்ற வேகம். 2013க்கு முந்தைய சில சில்லுகள் சரியாக 24ஐயே தந்ததால், சுமார் நாற்பது நொடிக்கு ஒருமுறை படம் ஒரு கணம் நின்று போயிற்று.

இதுவரை பேசியது எச்.264. கைப்பேசியும் இணையமும் நம்மை அதைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டன. 2013இல் வந்த எச்.இ.வி.சி., அதே தரத்தை ஏறக்குறைய பாதி அளவில் தரும் முறை. ஐஃபோன்கள் 2017இலிருந்து இயல்பாகவே இதில் பதிவு செய்கின்றன. யூடியூபில் 4கே தரத்தைக் கேட்டால் வருவது கூகுளின் வி.பி.9, அல்லது 2018இல் வந்த ஏ.வி.1, எச்.264 அங்கே கிடையாது. இன்டெல்லில் 2015இன் ஆறாம் தலைமுறை எச்.இ.வி.சி.யை 8 பிட் வரை விரித்தது, அடுத்த ஏழாம் தலைமுறை 10 பிட்டையும் வி.பி.9ஐயும் சேர்த்துக்கொண்டது, ஏ.வி.1 2020இல் வந்த பதினோராம் தலைமுறை மடிக்கணினிகளில்தான் தொடங்கியது. என்விடியாவில் ஏ.வி.1 விரிப்பது ஆர்.டி.எக்ஸ். 30 வரிசையிலிருந்து. இந்த வரம்புக்கு வெளியே உள்ள கணினியில் அந்தக் கோப்புகள் முழுதும் புராசசரின் தலையில் விழும்.

கழித்துவிட்ட அலுவலகக் கணினிகள் நம் பகுதியில் நிறையப் புழங்குகின்றன, அவற்றுக்கென்று ஜி.டி. 710, ஜி.டி. 730 என்ற மலிவுக் கார்டுகளும் நிறைய விற்கின்றன. கேட்டவர்களிடமெல்லாம் வேண்டாம் என்றே சொல்லி வருகிறேன். 710 எச்.264ஐ நன்றாக விரிக்கும், ஆனால் எச்.இ.வி.சி.யும் வி.பி.9உம் அதற்குத் தெரியாது; எச்.264ஐ மட்டும் விரிப்பதற்கு, 2011க்குப் பிறகு வந்த இன்டெல் புராசசரே போதும். 710இன் தலைமுறைக்கு என்விடியா தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 செப்டம்பரோடு நின்றன. 730ஐயும் பெரும்பாலும் அதே கணக்கில் வைக்கலாம். சற்றே கூடுதல் விலையில் கிடைக்கும் ஜி.டி. 1030 எச்.இ.வி.சி. 10 பிட்டையும் வி.பி.9ஐயும் விரிக்கும், தனி மின்கம்பி கேட்காது, 30 வாட்டுக்குள் அடங்கும், குட்டைப் பெட்டிகளில் பொருந்தும் வடிவிலும் கிடைக்கும். ஆனால் ஏழாம் தலைமுறை இன்டெல் கொண்ட பழைய கணினி ஒன்றை வாங்க முடியுமானால், அந்தக் கார்டும் தேவைப்படாது. யூடியூபுக்காக மட்டும் அவதிப்படுபவர்களுக்கு எச்264ஐஃபை என்ற இலவசச் சேர்ப்பு ஒன்று உலாவிகளுக்கு உண்டு. அது தளத்திடம் எச்.264ஐயே கேட்டு வாங்கும். தரம் 1080ஐத் தாண்டாது, ஆனால் திக்காது.

மின்சாரத்தை விட்டுவிட்டு இங்கே கணினியைப் பற்றிப் பேச முடியாது. 2008இல் நாட்டையே இருட்டாக்கிய லோட் ஷெடிங், 2023இல் இதுவரை இல்லாத அளவுக்குப் போயிற்று. அதையொட்டி இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கிய குடும்பங்கள் பல. பேட்டரியில் ஓடும்போது, பழைய புராசசர் இரண்டு மணி நேரமும் முழு மூச்சில் உழைத்துப் படத்தை விரிப்பதற்கும், தனிச் சுற்று சில வாட்டில் அதையே செய்வதற்கும் உள்ள வேறுபாடு, படம் முடியும் முன் விளக்கு அணைவதா இல்லையா என்பதில் போய் நிற்கும். அதே காரணத்தால், புராசசருக்குள்ளேயே விரிக்கும் சுற்று இருக்கும்போது வெளிக் கார்டு ஒன்றைச் சேர்ப்பது வீண். கார்டு வேலை செய்யாத நேரத்திலும் ஏதோ கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

வெப்பமும் இதோடு சேர்ந்தது. தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரியில் டர்பனின் புழுக்கம் எப்படியிருக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தூசி அடைத்த பெட்டிக்குள் புராசசர் தன் வெப்ப வரம்பைத் தொட்டதும், தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஜூலைக் குளிரில் ஒழுங்காக ஓடிய அதே கோப்பு கோடையில் பத்து நிமிடம் ஓடிய பிறகு திக்கத் தொடங்குவது இதனால்தான். முதல் சில நிமிடம் சரியாக ஓடிப் பிறகு கெடுவது வெப்பத்தின் அடையாளம். சுழலும் வட்டம் தோன்றிப் படம் நின்று நின்று தொடர்வது இணையத்தின் அடையாளம். இரண்டுக்கும் கார்டு நேரடி மருந்தாகாது. வட்டையும் பென்டிரைவையும் குறை சொல்பவர்கள் உண்டு, ஆனால் 24 மெகாபிட் என்பது நொடிக்கு 3 மெகாபைட்; பழுதில்லாத எந்தப் பென்டிரைவும் அதைத் தந்துவிடும்.

கோடெக் ஒத்துப்போயும் கார்டு கைவிடும் கோப்புகள் சில உண்டு. எச்.264 வகுத்திருக்கும் வரம்புகளுள் 4.1 என்ற நிலையில் 1080 வரிப் படத்துக்கு நான்கு முந்தைய படங்களை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளலாம். கோப்பைச் சிறிதாக்கும் ஆசையில் அதைப் பதினாறு வரை ஏற்றிச் சுருக்கியவை பழைய சுற்றுகளில் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். 10 பிட் எச்.264ஐ அண்மைக்காலம் வரை ஏறத்தாழ எந்தக் கார்டும் விரித்ததில்லை.

கல்யாண வீடியோ எடுப்பவர்களின் புதிய கேமராக்கள் கொண்டுவந்திருக்கும் சிக்கல் இதைவிடப் பெரியது. நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒன்றாக அல்லாமல் இரண்டு புள்ளிக்கு ஒன்றாக, அதுவும் 10 பிட் ஆழத்தில் அவை பதிவு செய்கின்றன. பட்டுச்சேலையின் நிறத்தை எடிட்டிங்கில் திருத்துவதற்கு இது வரம். எச்.இ.வி.சி.யில் இந்த வகையை மேசைக் கணினிகளில் இன்டெல் பதினோராம் தலைமுறையிலிருந்து விரிக்கிறது, என்விடியாவோ 2025இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் தொடங்கியது. ஆகவே விளையாட்டுக்கென்று பெரிய தொகை கொடுத்து வாங்கிய ஆர்.டி.எக்ஸ். 30, 40 கார்டுகளும் இந்தக் கோப்பின் முன் ஒதுங்கிக்கொள்ளும். வீடியோக்காரர் எடிட் செய்யாத மூலக் கோப்புகளை வட்டில் போட்டுக் கொடுத்தால் அவற்றைப் பத்திரப்படுத்தி வையுங்கள், பார்ப்பதற்கென்று எச்.264, 8 பிட், 1080 வரி, நொடிக்கு 50 முழுப்படம் என்ற அளவில் ஒரு பிரதியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். எடிட்டிங் மென்பொருளில் அது அவருக்குச் சில நிமிட வேலை. உங்கள் வீட்டுப் பழைய கணினியிலும், பெரியம்மா வீட்டுத் தொலைக்காட்சியின் யு.எஸ்.பி. துளையிலும் அதுவே ஓடும்.